எய்சா பார்க்க ஒகினாவா போகிறேன்: ஊர்த் தெருவிலா, மைதானத்திலா?

தூரதேசி:

வணக்கம் எல்லோருக்கும். நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை ஷின்ஜுக்குவில் எய்சா (மேளத்தோடு கூட்டமாக ஆடும் நடனம்) விழா நடக்கும், அதற்கு ஒரு நண்பர் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். தோளில் பெரிய மேளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அத்தனை பேரும் ஒன்றாகக் காலைத் தூக்கி, ஒன்றாக அடித்து, நடுவில் "இயாசாசா" என்று குரல் கொடுத்தபோது நெஞ்சுக்குள் வந்து விழுந்தது அந்தச் சத்தம். அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

இதன் சொந்த ஊர் ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவாத் தீவு, அங்கே போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் விடுப்பு ஒரு வாரம்தான் கிடைக்கும். அலுவலகத்தில் ஒருவர் "கோசா மைதானத்தில் நடக்கும் பெரிய விழாவுக்குப் போ, தீவு முழுவதிலிருந்தும் குழுக்கள் வரும்" என்கிறார். இன்னொருவர் ஒகினாவாக்காரர், "அதற்கு முந்தின வாரம் ஓபோன் நாட்களில், முன்னோர்களை வீட்டுக்கு அழைத்துக் கும்பிடும் அந்த நாட்களில் போய்த் தெருவில் நின்று பார், அதுதான் எய்சா" என்கிறார். இரண்டுக்கும் இருக்க வழியில்லை, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

போனவர்கள், அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு தயக்கமும் உண்டு. இது இறந்துபோன முன்னோர்களுக்காக ஆடுவது என்கிறார்கள். ஒரு குடும்பத்தின், ஒரு தெருவின் சொந்தக் காரியத்தில் வெளியாள் போய் வேடிக்கை பார்ப்பது சரியா? முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாரே ஒருவர், அவர் யார் என்பதையும் சொல்லுங்கள்.

---

கடலோடி:

ஒன்றுதான் முடியும் என்றால் ஓபோனுக்கே போங்கள், தூரதேசி. நான் ஒகினாவா நகரில் (பழைய பெயர் கோசா) சில வருடம் குடியிருந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தேதி. ஜப்பானின் மற்ற பகுதிகளில் பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில் ஓபோனை முடித்துவிடுவார்கள். ஒகினாவாவில் பழைய சந்திர நாட்காட்டிதான் கணக்கு, ஏழாம் மாதத்தின் 13, 14, 15. அதனால் வருடா வருடம் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். 2024இல் ஆகஸ்ட் 16 முதல் 18 வரை வந்தது, 2025இல் செப்டம்பர் 4 முதல் 6 வரை போய்விட்டது. இதைப் பார்க்காமல் டோக்கியோ ஓபோன் விடுமுறையை நம்பி விமானச் சீட்டு எடுத்தால் ஒரு மேளத்தையும் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும்.

அந்த மூன்று நாளில் முதல் நாள் உன்கே, முன்னோர்களை வீட்டுக்கு அழைப்பது. நடு நாள் நாக்கானுஹி, உறவினர்கள் வீடு வீடாகப் போய் வருவார்கள். மூன்றாம் நாள் ஊக்குய், வழியனுப்புவது. வீட்டுப் பீடத்தின் இரண்டு பக்கமும் கரும்பைச் சாய்த்து வைத்திருப்பார்கள், திரும்பிப் போகும் பெரியவர்களுக்கு அது கைத்தடி. ஊக்குய் இரவு நாணய அச்சு பதித்த மஞ்சள் தாளை ஒரு பாத்திரத்தில் போட்டு எரிப்பார்கள், அந்த உலகத்தில் செலவுக்குப் பணம் வேண்டாமா? பலகாரம் அடுக்கிய பெட்டிகளைப் படைத்து, புகை அடங்கி, குடும்பமே வாசலில் நின்று கும்பிட்டு அனுப்பும். அந்த நேரத்தில் தூரத்துத் தெருவிலிருந்து மேளம் நெருங்கி வரும். எய்சாவுக்கு இடம் அங்கேதான்.

ஊர்வலத்துக்கு மிச்சிஜுனே என்று பெயர். ஆடுபவர்கள் அந்தந்தப் பகுதியின் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள், பதின்ம வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை உள்ளவர்கள். பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு, கோடை தொடங்கியதிலிருந்தே இரவில் ஊர்ப் பொதுக்கூடத்தில் பயிற்சி எடுப்பார்கள். ஊர்வலத்தின் முன்னால் சங்கத்தின் பெயர் எழுதிய உயரமான கொடிக்கம்பம் வரும். அதன் பின் தோளில் தொங்கும் பெரிய மேளமான ஓதைக்கோ, பிறகு கையில் பிடிக்கும் சின்ன மேளமான ஷிமெதைக்கோ, அப்புறம் கட்டம்போட்ட குட்டைக் கிமோனோவில் பெண்கள் கையாட்டம் ஆடிக்கொண்டு வருவார்கள். சன்ஷின் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்துப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஒலிபெருக்கி கட்டிய சின்ன லாரியில் இருப்பார்கள். ஒரு வீட்டு முன்னாலோ கடை முன்னாலோ நிற்பார்கள், ஆடுவார்கள், வீட்டுக்காரர் குடிக்க ஏதாவது கொடுப்பார் அல்லது உறையில் பணம் வைத்துக் கொடுப்பார், அடுத்த சந்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

வெள்ளை முகத்துக்காரர் ச்சோந்தரா. கோமாளி என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் ஆட்டம் நன்றாகத் தெரிந்த அனுபவசாலியைத்தான் அந்த வேடத்துக்குப் போடுவார்கள். வரிசை கோணினால் சரி செய்வது, ஆடுகிறவனின் தலைக்கட்டு அவிழ்ந்தால் ஓடிப்போய்க் கட்டிவிடுவது, கூட்டம் உள்ளே நெருக்கினால் சிரிக்க வைத்தே பின்னால் தள்ளுவது, எல்லாம் அவர் பொறுப்பு. ஆடுகிறவர்களுக்கு மேளத்தை விட்டுக் கையை எடுக்க முடியாது, அவர்களுக்கு மூன்றாவது கை இவர்தான்.

கோசாவில் நாற்சந்திகளை விட்டுவிடாதீர்கள். இரண்டு சங்கங்கள் எதிரெதிரே வந்து சந்தித்துவிட்டால் இருவரும் நிறுத்த மாட்டார்கள். இந்தப் பாட்டு ஒரு தாளம், அந்தப் பாட்டு இன்னொரு தாளம். எதிராளியின் அடியில் தன் அடி கரைந்துவிடாமல் யார் கடைசிவரை பிடித்து நிற்கிறார்கள் என்பதுதான் பந்தயம். ஜெயித்தவர் யார் என்று யாரும் அறிவிப்பதில்லை, அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வெளியாள் வரலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக வரலாம், தெருவில் நடப்பது தெருவுக்கே. வரிசையைக் குறுக்கே கடக்காதீர்கள், வீட்டு முற்றத்துக்குள் கேமராவோடு நுழையாதீர்கள், முகத்துக்கு நேராக ஒளியடிக்காதீர்கள். கைதட்டுங்கள், விரலை வாயில் வைத்து விசிலடிக்கத் தெரிந்தால் அடியுங்கள், அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

---

தாளக்கட்டு:

கடலோடி அண்ணா சொன்னதோடு மேளம் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் ஒசாக்காவில் இருக்கிறேன். இங்கே தைஷோ வட்டாரத்தில் ஒகினாவாவிலிருந்து வேலை தேடி வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய, 1975இலிருந்து இங்கேயும் எய்சா விழா நடக்கிறது. அங்கே ஒரு குழுவில் பாராங்கு கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பாராங்கு என்பது ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய சின்னக் கைமேளம். இடது கையில் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வலது கையில் குச்சி. பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் அடிக்கிற கையை விடப் பிடிக்கிற கைதான் அதிகம் வேலை செய்யும். குச்சி மேளத்தைத் தேடிப் போகாது, மேளமும் பாதி வழி வந்து குச்சியைச் சந்திக்கும். மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி, தோல் குச்சிக்கு நேராக வரும் கணத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் "டப்" என்று செத்த சத்தம் வரும், சரியாக நின்றால் "டன்" என்று சின்ன மேளத்திலிருந்து நம்ப முடியாத கூர்மையோடு வெளியே வரும். முழங்காலை மடித்து இடுப்பைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்ய வேண்டும், ஒரு பாட்டு முடிவதற்குள் தொடை எரிய ஆரம்பித்துவிடும்.

ஓதைக்கோக்காரர்களைப் பார்க்கும்போது துணிப்பட்டையைக் கவனியுங்கள். தோளிலிருந்து குறுக்கே வரும் அந்தத் துணியில்தான் மேளத்தின் எடை முழுவதும் தொங்குகிறது. ஆடுகிறவர் இடது கையால் மேளத்தை முன்னால் வீசி, அது திரும்பி வரும்போது அடிப்பார். மேளத்தை எதிர்த்துப் போராடுகிறவர் சீக்கிரம் களைத்துவிடுவார், அதன் ஊசலோடு போகிறவர் இரவு முழுக்க ஆடுவார். ஊர்வலம் பல மணி நேரம் ஓடும் என்பதால் இந்த வித்தியாசம் கடைசிச் சந்தில் அப்பட்டமாகத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மேளச் சத்தத்தில் எல்லோரும் சன்ஷினை மறந்துவிடுகிறார்கள். மூன்று தந்தி, மலைப்பாம்புத் தோல் போர்த்திய உடல், ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்ளும் கொம்பு நகத்தால் மீட்டுவார்கள். ஆட்டத்தை நடத்துவது அதுதான். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தாமல் தாவிக்கொண்டே இருப்பார்கள், பாடகர் அடுத்த பாட்டின் முதல் மீட்டலைப் போட்ட உடனே மேளக்காரர்கள் கால் மாற்ற வேண்டும். எங்கள் குழுவில் மேளம் தொடுவதற்கு முன்னால் பாட்டைக் கேட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், இப்போது காரணம் புரிகிறது. லாரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரமாவது நில்லுங்கள்.

---

நடைவண்டி:

நான் எதிர்க்கட்சி. முதல் தடவை பார்க்கப் போகிறவருக்கு மைதானம்தான் என்பேன்.

தெரு எய்சா அருமை, மறுக்கவில்லை. ஆனால் தெருவில் நின்றால் ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு மூன்று ஊர் பார்ப்பீர்கள். எய்சா ஊருக்கு ஊர் அவ்வளவு வேறுபடும். ஒகினாவா நகரத்துச் சொண்டா சங்கத்தின் ஆட்டம் பெரிய மேளம், உயர்ந்து விழும் கால், பளிச்சென்ற உடை. உருமா நகரத்தின் கத்சுரென் பக்கம் ஹெஷிக்கியா இருக்கிறது, அங்கே பாராங்கு மட்டும்தான், துறவி அங்கி போன்ற எளிய உடை, வெறுங்கால். அலங்காரமே இல்லாமல் அத்தனை பேரும் ஒரே உடம்பாக அசைவார்கள். இந்த இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் "எய்சா" என்ற ஒற்றைப் பெயருக்குள் எத்தனை இருக்கிறது என்று உறைக்கும். அதற்கு மைதானத்தை விட்டால் வழி கிடையாது.

"அது வெறும் மேடைக் காட்சி, தெருதான் அசல்" என்ற பேச்சு எனக்குச் சம்மதமில்லை. வரலாற்றைப் பாருங்கள். 1945 போரில் அந்தத் தீவு சுடுகாடானது. பிறகு 1972 வரை அமெரிக்க நிர்வாகம். கோசா என்ற ஊரே அமெரிக்கர்களின் கதேனா விமானத் தளத்தின் வாசலில் முளைத்தது. 1956இல், கோசா நகரமாக அறிவிக்கப்பட்ட அதே வருடம், அங்கே தீவு முழுவதற்குமான எய்சாப் போட்டியை ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஆட்டத்தைச் சீர்படுத்தினார்கள். நீங்கள் ஷின்ஜுக்குவில் பார்த்து மயங்கினீர்களே, அந்தப் பெரிய மேளம், நேர்த்தியான அணி, ஒரே உயரத்தில் தூக்கும் கால், அதெல்லாம் இந்தப் போட்டிக் காலத்தில் வளர்ந்ததுதான். 1977இல் போட்டி வேண்டாம் என்று விழாவாக மாற்றினார்கள், இன்றைக்கும் அது நடக்கிறது. 1974இல் கோசாவும் மிசாத்தோவும் சேர்ந்து ஒகினாவா நகரமாகிவிட்டதால் வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

விழா ஓபோனுக்கு அடுத்த வார இறுதியில் வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளி இரவு கோசாத் தெருக்களிலேயே ஊர்வலம், ஆக தெருவும் கொஞ்சம் கிடைத்துவிடும். சனிக்கிழமை ஒகினாவா நகரத்துச் சங்கங்கள், ஞாயிறு தீவு முழுவதற்கும். பக்கத்திலேயே பீர் விழாவும் நடக்கும். கடைசியில் எல்லோரையும் உள்ளே விட்டு கச்சாஷி ஆடுவார்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலைத் தளர்த்தி அசைத்தால் போதும். பாட்டிமார்தான் அதில் ராணிகள்.

புதிதாக அமைத்த எய்சாவையும் ஒதுக்காதீர்கள். 1982இல் தொடங்கிய ரியூக்யூகொக்கு மட்சூரி தைக்கோ குழு ஊர் எல்லையை விட்டு வெளியே வந்து இன்றைய பாட்டுகளுக்கும் ஆட ஆரம்பித்தது. ஹவாய், பிரேசில், பெரு வரை கிளைகள். ஒகினாவாவிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் தாத்தாவின் மொழி தெரியாமலே இந்த மேளத்தைத் தூக்குகிறார்கள். அதைச் சுற்றுலாக் காட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

முல்லைக்கொடி:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எய்சா என்றால் மேளம் என்றே பேசிக்கொண்டு போகிறீர்கள். வடக்கே ஒகிமி, மொத்தோபு பக்கம் போனால் மேளமே இல்லாமல், பெண்கள் மட்டும் வட்டமாக நின்று கையாட்டமாக ஆடும் எய்சா உண்டு. கால் அதிகம் தூக்க மாட்டார்கள், பாடிக்கொண்டே சுற்றுவார்கள். மைதானத்தில் அது எடுபடாது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு விரலும் பேசும். போட்டி பெரிய மேளத்தை வளர்த்தது உண்மை, நடைவண்டி. அதே போட்டியால் பெரிய மேளம் இல்லாத ஊர்களின் ஆட்டம் பின்னால் போனதும் உண்மை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். தைச்சூ என்று ஒரு பௌத்தத் துறவி, சீனாவுக்குப் போக நினைத்து, கப்பல் அமையாமல் 1603இல் ரியூக்யூ, அதாவது அன்றைய ஒகினாவா அரசுக்கு வந்து சேர்ந்தார். மூன்று வருடம் இருந்தார். மன்னர் ஷோ நெய் அவரை ஆதரித்தார். அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லிப் பாடும் வழக்கத்தை அவர் அங்கே பரப்பினார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. பிறகு வீடு வீடாகப் போய் அந்தப் பாட்டுகளைப் பாடிச் சாவுச் சடங்குகளில் பிழைத்த கலைஞர்கள் அரசின் தலைநகரான ஷுரி பக்கம் இருந்தார்கள், நீங்கள் கேட்ட வெள்ளை முகத்துக்காரரின் பெயர் அவர்களிடமிருந்து வந்ததுதான். கிராமத்துப் பிள்ளைகள் அந்தப் பாட்டோடு தங்கள் ஊர்ப் பாட்டையும் காதல் பாட்டையும் கலந்துகொண்டார்கள்.

அதனால்தான் பல ஊர்களில் ஆட்டம் "சுஞ்சுன் நகாரி" என்ற பாட்டில் தொடங்கும். அதன் கதை லேசானதில்லை. சுஞ்சுன் ஊர்ப் பெரியவர் முதுமையில் தளர்ந்து, மூன்று மகன்களிடமும் கேட்கிறார்: எனக்கு இனித் தாய்ப்பால்தான் இறங்கும், உன் பிள்ளையை விட்டுக்கொடுத்து அந்தப் பாலை எனக்குத் தருவாயா? மூத்த இருவரும் முடியாது என்கிறார்கள். கடைசி மகன் கலங்கிப்போய்ச் சம்மதிக்கிறான். குழந்தைக்குக் குழி தோண்டப் போன இடத்தில் பொன் கிடைக்கிறது, குழந்தையும் பிழைக்கிறது. பெற்றவருக்கு எதுவரை செய்வாய் என்று கேட்கிற பாட்டு அது. இருபது வயதுப் பிள்ளைகள் முன்னோர் வந்திருக்கும் இரவில் இதைத்தான் முதலில் பாடி ஆடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு மூத்த மகன்கள் மேல்தான் இரக்கம், அவர்கள் சொன்னதில் என்ன தப்பு?

முடிவுப் பாட்டு பெரும்பாலும் "தோஷின் தோய்". சீனக் கப்பல் வந்துவிட்டது என்று, இன்றைய ஒகினாவாவின் தலைநகரான நாஹாவில் எல்லோரும் துறைமுகத்துக்கு ஓடுகிற பாட்டு. வேகம் ஏறிக்கொண்டே போகும், கச்சாஷியில் போய் முடியும். இந்தக் கனத்திலிருந்து அந்தக் கும்மாளம் வரை ஒரே இரவில் போவதுதான் எய்சா என்று எனக்குப் படுகிறது. அதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் ஊக்குய் இரவுதான். என் ஓட்டு கடலோடிக்கு.

---

தூரதேசி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. முல்லைக்கொடி சொன்ன கதையைப் படித்துவிட்டு அந்த ஒகினாவா நண்பரிடம் கேட்டேன், அவருக்குப் பாட்டு முழுக்கத் தெரிகிறது.

ஓபோனுக்கே போகிறேன். நடைவண்டி கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வருடம் மைதானம். இப்போது நடைமுறைக் கேள்வி: நாஹாவில் அறை எடுத்துக்கொண்டு மாலையில் ரயிலில் கோசா போய் வர முடியுமா? எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று எங்கே தெரியும்?

---

நடைவண்டி:

கோபம் எதற்கு, ஊக்குய் இரவைப் பார்த்துவிட்டு வந்தால் மைதானத்துக்கு வராமல் உங்களால் இருக்கவே முடியாது. போன கையோடு கோசாவில் எய்சா அருங்காட்சியகத்துக்கும் பகலில் போய்ப் பாருங்கள், 2018இல் திறந்தார்கள், மேளத்தைத் தொட்டு அடித்துப் பார்க்கலாம்.

---

கடலோடி:

ரயில் கிடையாது. நாஹாவின் ஒற்றைத் தண்டவாள ரயில் உராசோயேயில் நின்றுவிடும், கோசாவுக்குப் பேருந்து அல்லது வாடகைக் கார்தான். ஊர்வலம் நள்ளிரவை ஒட்டியும் போகும், கடைசிப் பேருந்து அதற்கு முன்பே போய்விடும். அதனால் நாஹாவில் தங்காதீர்கள், கோசாவிலேயே, கோயா நாற்சந்திக்கு நடந்து போகும் தூரத்தில் அறை போடுங்கள். சீக்கிரம் போடுங்கள், வெளியூரில் வேலை பார்க்கும் ஒகினாவாக்காரர்கள் எல்லோரும் அந்த வாரம்தான் ஊர் திரும்புவார்கள், விமானச் சீட்டும் விலை ஏறும்.

நேரமும் வழியும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். ஓபோன் நெருங்கும்போது நகரத்தின் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள், இளைஞர் சங்கங்கள் பல தங்கள் சமூக வலைப்பக்கத்திலும் போடுகிறார்கள். எதுவும் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. இருட்டியதும் ஏதாவது பொதுக்கூடத்துப் பக்கம் நடங்கள், மேளம் கேட்கும் திசையில் போனால் போதும். ஊக்குய் அன்று பல கடைகள் சீக்கிரம் மூடிவிடும், சாப்பாட்டை மாலையிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும், இரவிலும் புழுக்கம் தாங்காது.

புயல் பருவம் என்பதால் திரும்பும் சீட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். புயல் வந்தால் மைதான விழாவைத் தள்ளிப்போடலாம், முன்னோர்களைத் தள்ளிப்போட முடியாது என்பதால் பிள்ளைகள் மழை விட்ட இடைவெளியிலும் இறங்கிவிடுவார்கள், ஒரு மழைச்சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.